கரித்தூள்

விருத்தாசலத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் தூரத்து உறவில் எனக்கு மாமா முறை. மணிமுத்தாற்றுக்கு அக்கரையில் நாலு ஏக்கர் செம்மண் நிலம் வைத்துக்கொண்டு, வருஷம் தவறாமல் அதில் மல்லாட்டை போடுகிறவர். சென்ற மாதம் நான் எழுதிய கட்டுரை ஒன்றில், விதையோடு நுண்ணுயிரைக் கலந்து விதைப்பதைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி நல்லதாகச் சொல்லியிருந்தேன். அந்த நாலு வரி அவருக்குப் பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளை, நீ கதை எழுது, படிக்கிறோம். விவசாயம் எழுதாதே. அந்தப் பொட்டலத்தை நான் மூன்று வருஷம் வாங்கினேன். பிரித்தால் கரித்தூள். நம்ம பக்கத்தில் கரித்தூளுக்கா பஞ்சம்? கூப்பிடு தூரத்தில் நெய்வேலி இருக்கிறது. அதை வாரிப் பையில் போட்டு, வாயில் நுழையாத பேர் வைத்து விற்கிறார்கள். நீயும் அதற்குத் தமுக்கு அடிக்கிறாய்."

கடிதம் இவ்வளவுதான். இயற்பெயராகவே 'விருத்தாசலம்' என்று வாய்த்த புதுமைப்பித்தன் இன்றைக்கு இருந்திருந்தால், இந்த ஐந்தாறு வரிகளை வைத்தே ஒரு கதை எழுதி, சம்பந்தப்பட்ட அத்தனை பேரையும் தலைகுனிய வைத்திருப்பார். எனக்கு அந்தக் கை வராது. வாதாடத்தான் வரும். வாதாடுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். மாமா சொல்வது முக்கால்வாசி நிஜம். அது கரித்தூள்தான். பழுப்பு நிலக்கரியை மாவாக அரைத்து, அதன் புளிப்பைச் சுண்ணாம்புச் சத்து சேர்த்து முறித்து, கொதிநீராவியில் வேகவைத்து வேறு கிருமிகளைப் போக்கி, பிறகு அதில் வளர்த்த பாக்டீரியாவைக் கலந்து பிசைந்தால் அந்தப் பொட்டலம். கரி, பல்லக்கு. உள்ளே இருக்கிறவர் வேறு. பல்லக்கைப் பார்த்துவிட்டு உள்ளே ஆளில்லை என்று சொல்வது தவறு. ஆனால், உள்ளே இருந்த ஆள் வழியிலேயே செத்துப்போய்ப் பல்லக்கு மட்டும் வந்து சேர்ந்தால், அதை ஊர்வலம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை என்ன சொல்வது? என் சண்டை அவர்களோடுதான். மாமாவோடு அல்ல.

விருத்தாசலத்துக்குப் போன சமயங்களில் நான் அங்கே உள்ள பீங்கான் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். பொம்மையும், மின்சாரக் கம்பிக்கு வைக்கிற பீங்கான் கட்டைகளும் அங்கே பிறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு சந்தோஷம். மண்ணை அரைக்கிறார்கள், சலிக்கிறார்கள், குழைக்கிறார்கள், காயவைக்கிறார்கள். கடைசியில் ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேலே கனல்கிற சூளையில் வைக்கிறார்கள். அந்த மண்ணில் ஒரு வேர்த்துண்டோ இலைச்சருகோ மிஞ்சினால் அது எரிந்து போன இடத்தில் ஓட்டை விழும், பாத்திரம் பழுதாகும். ஆகவே பீங்கானுக்கு மண் சுத்தமாகச் செத்திருக்க வேண்டும். அதுதான் அந்தத் தொழிலின் தர்மம்.

அதே ஊருக்கு வெளியே கால் மைல் நடந்தால் மல்லாட்டைக் கொல்லை. அங்கே உள்ள மண் செத்தால் எல்லாம் செத்தது. அதற்கு உயிர் வேண்டும். இந்த இரண்டு மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பட்டறையில் வேலை செய்கிற பையனுக்குத் தெரியும், கொல்லையில் களை வெட்டுகிற ஆயாவுக்கும் தெரியும். உரம் விற்கிறவர்களுக்கும் விற்கச் சொல்கிறவர்களுக்கும் மட்டும்தான் தெரியவில்லை. உயிருள்ள சரக்கைப் பீங்கான் சரக்கைப் போல அடுக்கி வைக்கிறார்கள்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு சித்திரை மாதம் ஒரு கடைக்கு மாமாவோடு போயிருந்தேன். எந்த ஊர், யார் கடை என்பது இங்கே முக்கியமல்ல. யூரியா மூட்டை வேண்டும் என்றார் மாமா. மூட்டையோடு இரண்டு கறுப்புப் பொட்டலங்களையும் சேர்த்து வைத்தார் கடைக்காரர். "இது எதுக்குங்க?" என்றார் மாமா. "வாங்கித்தான் ஆகணும். மேலேருந்து தலையில கட்டறான், நான் உங்க தலையில கட்டறேன்" என்றார் அவர். பொய் சொல்லாத மனிதர். பொட்டலங்கள் எங்கே இருந்தன என்று பார்த்தேன். தகரக் கொட்டகைக்குக் கீழே, வெயில் நேராக விழும் பக்கத்தில், பூச்சிமருந்துப் புட்டிகளுக்குப் பக்கத்திலேயே இருந்தன. வெளியிலேயே நாற்பது டிகிரி. தகரத்துக்குக் கீழே எவ்வளவு என்று நான் அளக்கவில்லை. அங்கே கால் மணி நேரம் நின்ற எனக்கே உயிர் போய் வந்தது. உடம்பில் ஒரே ஒரு செல் வைத்திருக்கும் ஜீவன் அங்கே மாதக்கணக்கில் என்ன செய்யும்?

இதற்குப் பிறகு வீட்டில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். நியாயம் என்றால் எல்லோருக்கும்தானே? பொட்டலத்தை அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்ட வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கஞ்சி ஆறியிருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சியை ஆவி பறக்க ஊற்றிப் பிசைந்தார்கள். கடையில் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டும் அங்கே முக்தி அடைந்தன. பிறகு அந்த விதையை வெயிலில் உலர்த்தினார்கள். நிழலில் அரை மணி உலர்த்தினால் போதும். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். அந்த விதைக்கு முன்கூட்டியே பூஞ்சாண மருந்து கலந்திருந்தால், அது முடிந்து ஒரு நாள் கழித்துத்தான் நுண்ணுயிரைச் சேர்க்க வேண்டும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் இவ்வளவையும் சிறு பிரசுரமாகவே போட்டிருக்கிறது. அந்தப் பிரசுரம் மாமாவின் வீட்டுக்கு வரவில்லை. பொட்டலம் மட்டும் வந்தது.

இனி, அந்த ஜீவன் உயிரோடு வந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான ஆச்சரியம்.

காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜன். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஓர் ஏக்கர் நிலத்தின் தலைக்கு மேலே முப்பதாயிரம் டன்னுக்கு மேல் நைட்ரஜன் நிற்கிறது. மாமாவின் நாலு ஏக்கருக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் டன். அத்தனை சொத்துக்குச் சொந்தக்காரர் நூறு கிலோ யூரியாவுக்கு வரிசையில் நிற்கிறார்! ஏனென்றால் காற்றில் உள்ள நைட்ரஜனைச் செடியால் தொட முடியாது. அதன் இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று பிடித்த பிடி அப்படி. ஜெர்மனியில் ஹேபரும் பாஷும் அந்தப் பிடியை உடைத்து, 1913-ம் வருஷம் ஓப்பாவ் என்ற இடத்தில் தொழிற்சாலை வைத்தார்கள். நானூறு ஐந்நூறு டிகிரி உஷ்ணமும் நாம் சுவாசிக்கிற காற்றைப்போல் இருநூறு மடங்கு அழுத்தமும் அதற்கு வேண்டியிருந்தது. இன்றைக்கும் யூரியா அந்த வழியில்தான் பிறக்கிறது.

அதே வேலையை, சூளையும் இல்லாமல் சத்தமும் இல்லாமல், மல்லாட்டை வேரில் இருக்கிற ஒரு முடிச்சு செய்கிறது. பயறு வகைச் செடிகள் இதைச் செய்கின்றன என்பதை 1886-ல் ஹெல்ரீகல் என்ற ஜெர்மானியர் அறிவித்தார். 1888-ல் ஹாலந்து தேசத்து பெய்ஜரிங்க் அந்த முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். பத்து வருஷம்கூட ஆகவில்லை. 1896-க்குள் நோபே, ஹில்ட்னர் என்ற இருவர் அதற்குக் காப்புரிமை வாங்கி 'நைட்ரஜின்' என்று பெயர் சூட்டிக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நம் தேசத்தில் என். வி. ஜோஷி 1920-ல் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். வியாபாரமாக உற்பத்தி ஆரம்பமானது 1956-ல். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்ததும் அதே வருஷம்தான். கரிக்கும் கிருமிக்கும் ஜாதகப் பொருத்தம் இருந்திருக்கிறது.

அந்த முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தின் சிவப்புக்குத் தாயாதி. பிராணவாயுவைப் பிடித்து அளந்து கொடுக்கிற அதே குடும்பத்துப் பொருள். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருக்கிறதே தவிர, உழைப்பு இல்லை. வேலை செய்யாமல் சம்பளம் வாங்குகிற ஆத்மாக்கள் வேரிலும் உண்டு.

சரி, பொட்டலம் நல்ல பொட்டலமாக இருந்தால்? சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 1985-ம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006-ல்தான் உயிர் உரங்களைச் சேர்த்தார்கள். அதற்கு முன் ஐம்பது வருஷம் யார் எதை விற்றாலும் கேட்பாரில்லை. பொடியாக விற்கும் ரைசோபியம் ஒரு கிராமுக்கு ஐந்து கோடி உயிரணுக்களாவது வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இருநூறு கிராம் பொட்டலத்தில் ஆயிரம் கோடி. எக்டேருக்கு மூன்று பொட்டலம் என்றால் மூவாயிரம் கோடி. எக்டேருக்குச் சுமார் மூன்று லட்சம் மல்லாட்டை விதை விழுகிறது. ஆக, விதை ஒன்றுக்கு ஒரு லட்சம் உயிர்.

ஒரு லட்சம் பேர் போனால் ஊரைப் பிடிக்கலாம். தகரக் கொட்டகையில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது என்று வைத்துக்கொள்ளுங்கள். விதைக்கு நூறு பேர். அந்த நூறு பேர் இறங்குகிற மண்ணிலோ ஏற்கெனவே ஒரு பெருங்கூட்டம் குடியிருக்கிறது. இங்கேதான் பொட்டலத்தைப் புகழ்கிறவர்கள் வாயே திறக்காத ஒரு விஷயம் இருக்கிறது.

மல்லாட்டை தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. மணிலா வழியாக வந்ததால் மணிலாக்கொட்டையாகி, நம் வாயில் மல்லாட்டை ஆயிற்று என்பார்கள். வந்த செடி இங்கே அநாதையாக நிற்கவில்லை. நம் காராமணிக்கும் உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அதே பாக்டீரியாக் கூட்டம் இதற்கும் போட்டது. பரம்பரையாகப் பயறும் மல்லாட்டையும் விளைகிற நிலத்தில் அந்தக் கூட்டம் ஏராளம். அங்கே நல்ல பொட்டலமே போட்டாலும் பலன் சில வருஷம் கண்ணுக்குத் தெரியும், சில வருஷம் தெரியாது. புதிதாகத் திருத்திய நிலத்திலும், பயறையே பார்க்காத நிலத்திலும்தான் அதன் மகிமை தெரியும். பிரேஸில் தேசத்தைப் பாருங்கள். சோயா அந்த மண்ணுக்குப் புதுசு. அதற்கு முடிச்சுப் போடுகிற பாக்டீரியா அங்கே இல்லை. யோஹன்னா டோபெரெய்னர் என்ற அம்மையாரும் அவரோடிருந்தவர்களும், உரத்தை நம்பாமல் பாக்டீரியாவை நம்பியே சோயாவை வளர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். இன்று அந்தப் பெரிய தேசம் தன் சோயாவுக்கு நைட்ரஜன் உரம் அநேகமாகப் போடுவதே இல்லை. அந்த வெற்றியைக் காட்டி, 'மல்லாட்டைக்கும் அப்படியே' என்று விருத்தாசலத்தில் வந்து பேசுவது, பாதி நிஜத்தைச் சொல்லி முழுப் பணம் கேட்பதாகும்.

யூரியாவையும் கொட்டிப் பொட்டலத்தையும் போடுவது அதைவிட வேடிக்கை. மண்ணிலே நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சை வளர்க்காது. வளர்த்தால் அதற்குச் சர்க்கரை கொடுத்துச் சோறு போட வேண்டுமே! ஓசியில் கிடைக்கும்போது யார் சமையற்காரன் வைத்துக்கொள்வான்? ஆக, மூட்டையோடு பொட்டலத்தைச் சேர்த்துக் கட்டி விற்ற அந்த ஏற்பாடு, ஒன்றை இன்னொன்றால் கொல்லுகிற ஏற்பாடு. இதை வகுத்த மூளை எந்தச் சூளையில் வெந்ததோ!

பூசணத்தின் கதை இன்னும் மோசம். வேருக்குள் புகுந்து, வெளியே நூலாக நீண்டு, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் பூசணம் ஒன்று உண்டு. வேர் உட்பூசணம் என்கிறார்கள். வேரும் பூசணமும் கொள்ளும் உறவுக்கு 1885-ல் பெயர் வைத்தவர் பிராங்க் என்ற ஜெர்மானியர். நிலத்தில் செடி முதன்முதலாகக் காலூன்றிய யுகத்திலிருந்தே இந்த உறவு இருக்கிறது; நாற்பது கோடி வருஷத்துக் கல்லில் அதன் அடையாளம் கிடைத்திருக்கிறது. நல்ல பூசணம்தான். ஆனால் அது உயிருள்ள வேர் இல்லாமல் வளராது. சோளம், மக்காச்சோளம் மாதிரி ஒரு செடியை வளர்த்து, அதன் வேரில்தான் பெருக்க வேண்டும். அண்டாவில் காய்ச்சி எடுக்கிற சரக்கல்ல. ஆகவே யாராவது அதை மலிவாகப் பீப்பாய்க் கணக்கில் விற்க வந்தால், எந்த வேரில் வளர்த்தாய் என்று ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டாவது கேள்வியும் உண்டு. கடுகுக்கும் முட்டைக்கோசுக்கும் இது பலன் தருமா என்று கேளுங்கள். தரும் என்று சொன்னால் கதவைச் சாத்திவிடலாம். அந்தக் குடும்பத்துச் செடிகள் இந்தப் பூசணத்தோடு உறவே வைத்துக்கொள்வதில்லை.

மூன்று சிட்டிகைத் தூளில் எட்டுப் பயிருக்கும் பத்து நோய்க்கும் மருந்து என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறவர்கள், கரித்தூள் என்று தூக்கி எறிகிறவர்கள் - இரண்டு பேரையும் ஒரே சந்தையில்தான் பார்க்கிறேன். முதல் கூட்டத்தின் பிள்ளைதான் இரண்டாவது கூட்டம். ஏமாந்தவன் சந்தேகப்படுவது அவன் குற்றமல்ல. ஒரு காலத்தில் சோவியத் தேசத்தில் 'பாஸ்போபாக்டீரின்' என்று மணிச்சத்தைக் கரைக்கும் பாக்டீரியாவை லட்சக்கணக்கான ஏக்கரில் போட்டார்கள். அமெரிக்க விவசாய இலாகா அதைப் பரிசோதித்து, நம்பும்படியான பலன் தெரியவில்லை என்று 1962-ல் அறிக்கை வெளியிட்டது. அப்போது இந்த விஷயத்தில் அபிப்பிராயம் சொன்னவர்களில் பலர் வயலைப் பார்த்துச் சொல்லவில்லை, கட்சியைப் பார்த்துச் சொன்னார்கள். இப்போது இயற்கை விவசாயக் கட்சியும் ரசாயனக் கட்சியும் அந்த வேலையைச் செய்கின்றன. பாக்டீரியாவுக்கு எந்தக் கட்சியும் கிடையாது. அதை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எண்ணிப் பார்ப்பது என்றதும் எனக்கு அந்த ஊர்க் கதையே ஞாபகம் வருகிறது. விருத்தாசலமாகிய திருமுதுகுன்றத்தில் பழமலைநாதர் சுந்தரருக்குப் பன்னீராயிரம் பொன் கொடுத்தார். அதை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்றார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் கேலியாகச் சொல்கிறோமே, அந்த வசனத்துக்கு மூலம் இதுதான். கேலி செய்கிறவர்கள் கதையில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஆற்றில் போடுமுன் சுந்தரர் அந்தப் பொன்னில் மாதிரிக்குக் கொஞ்சம் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். மச்சம் என்று பெயர். திருவாரூரில் எடுத்ததும் உரைத்துப் பார்த்தார்கள். மாற்றுக் குறைந்திருந்தது. சுந்தரர் விட்டாரா? மீண்டும் பாடி, மாற்றுச் சரியான பிறகுதான் வாங்கிக்கொண்டார். உரைத்துப் பார்த்த பிள்ளையாருக்கு மாற்றுரைத்த விநாயகர் என்று அங்கே கோயிலே இருக்கிறது.

கொடுத்தவர் சாட்சாத் பரமசிவன். வாங்கியவர் அவருடைய தோழர். அங்கேயே மச்சம் வெட்டி மாற்றுப் பார்த்தார்கள் என்றால், கொட்டகையில் காய்ந்த பொட்டலத்தை மாற்றுப் பார்க்காமல் ஏன் வாங்க வேண்டும்? சட்டத்தில் ஐந்து கோடி என்று எழுதியாயிற்று. தொழிற்சாலை வாசலில் எண்ணுகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். கடைப் பலகையில் எண்ணுகிறவர் யார்? விதைக்கிற அன்றைக்கு எண்ணுகிறவர் யார்?

குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கிறார்களே, அந்தப் புட்டியின் மேல் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். புட்டி வெப்பத்தில் கிடந்தால் அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்து போயிற்று, தூக்கி எறிந்துவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். 1996 முதல் உலகம் முழுவதும் அந்த ஏற்பாடு நடக்கிறது. இந்தப் பொட்டலத்தின் மேல் அப்படி ஒன்றை ஒட்டினால் என்ன? செலவு ஆகும் என்பார்கள். செத்த பாக்டீரியாவை உற்பத்தி செய்து, லாரியில் ஏற்றி, மானியம் கொடுத்து, விவசாயியின் தலையில் கட்டுவதற்கு ஆகிற செலவைவிடவா? 2018-ல் யூரியா மூட்டையை ஐம்பது கிலோவிலிருந்து நாற்பத்தைந்தாகக் குறைத்து 242 ரூபாய் என்று விலை வைத்தார்கள். அதன் உண்மையான செலவு அதைப்போல் பல மடங்கு, மீதியைச் சர்க்கார் கொடுத்தது. அந்த மீதியில் ஒரு துளி போதும், ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு குளிர்ப்பெட்டியும் அதற்குப் பக்கத்தில் ஒரு நுண்நோக்கியும் வைக்க. விருத்தாசலத்திலேயே வி.ஆர்.ஐ. என்று பேர் வைத்து மல்லாட்டை ரகங்களைத் தந்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. எண்ணத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. எண்ணச் சொல்லுகிறவர்கள்தான் இல்லை.

மூட்டையோடு பொட்டலத்தைக் கட்டி விற்கிற வழக்கம் எங்கே இருந்தாலும் அதை முதலில் நிறுத்த வேண்டும். வேண்டாதவன் தலையில் கட்டிய எந்தப் பொருளுக்கும் மரியாதை கிடையாது. கேட்கிறவனுக்கு மட்டும் கொடுங்கள், குளிர்ச்சியாக வைத்திருந்து கொடுங்கள், அவன் நிலத்துக்கு அது தேவையில்லை என்றால் தேவையில்லை என்று சொல்லி அனுப்புங்கள். அப்படி நாலு பேரைத் திருப்பி அனுப்பினால் ஐந்தாவது ஆள் நம்பி வருவான்.

மாமாவுக்கு நான் பதில் எழுதிவிட்டேன். தமுக்கு அடிப்பதை நிறுத்திக்கொள்கிறேன், ஆனால் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மார்கழியில் விதைக்கும்போது நாலு ஏக்கரில் அரை ஏக்கரை ஒதுக்கி, தேதி பார்த்து வாங்கிய பொட்டலத்தை ஆறின கஞ்சியில் கலந்து போடட்டும். பக்கத்திலேயே இன்னோர் அரை ஏக்கரில் ஒன்றும் போடாமல் விதைக்கட்டும். நாற்பத்தைந்தாம் நாள் நான் வருகிறேன். இரண்டு பக்கத்திலும் பத்துப் பத்துச் செடி பிடுங்கி, முடிச்சை எண்ணி, நகத்தால் கீறிப் பார்ப்போம். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அதையும் இதே பக்கத்தில் எழுதுகிறேன். அதற்கு முன்னால், பரணில் கிடக்கிற பழைய பொட்டலத்தை எடுத்து, அதன் மேல் அச்சடித்திருக்கிற காலாவதித் தேதி என்ன, அதை வாங்கியது எந்த மாதம் என்று ஒரு கார்டில் எழுதிப் போடும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் கார்டு வரவில்லை.